ஒரு பாடத்துக்கு எத்தனை கிரெடிட்: கல்லூரிகள் கணக்கிடும் விதம்

கல்லூரியில் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே கேட்கத் தொடங்கி, பட்டம் வாங்கும் நாள்வரை கேட்டுக்கொண்டிருக்கும் சொல் கிரெடிட். "இது நாலு கிரெடிட் பேப்பர், கோட்டை விட்டுவிடாதே" என்று சீனியர்கள் எச்சரிக்கிறார்கள். கிரெடிட் கூடுதலாக இருந்தால் அந்தப் பாடம் கடினமானது என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பெண்ணும் கிரெடிட்டும் ஒன்றே என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இதை வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இருப்பதில்லை. வகுப்பில் யாரும் தனியாக எடுத்துச் சொல்வதும் அரிது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு உழைப்பை ஒதுக்குவது, தேர்வில் எதில் சறுக்கினால் சராசரி எவ்வளவு இறங்கும், வேறு கல்லூரிக்கோ வேறு நாட்டுக்கோ போனால் இதுவரை படித்ததில் எவ்வளவு செல்லும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரே எண்ணில்தான் விடை இருக்கிறது என்பதால், அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொறுமையாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

நிலத்தின் பரப்பும் விளைச்சலும்

இரண்டு பேரிடம் ஆளுக்கு ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒருவருடையது ஆற்றுப் பாசன வயல், மற்றவருடையது வானம் பார்த்த பூமி. ஒருவர் அதில் முப்பது மூட்டை எடுக்கிறார், மற்றவர் பத்து மூட்டை எடுக்கிறார். ஆனால் பட்டாவில் இருவருக்கும் ஓர் ஏக்கர் என்றுதான் எழுதியிருக்கும். பட்டா சொல்வது பரப்பை. மண் எப்படி, உழவு எப்படி, விளைச்சல் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்காது.

கிரெடிட்டும் அப்படிப் பரப்பைச் சொல்லும் அளவுதான். ஒரு சராசரி மாணவர் ஒரு பாடத்துக்காகச் செலவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் நேரத்தின் அளவே கிரெடிட். அந்த நேரத்தில் அவர் எவ்வளவு நன்றாகக் கற்றார் என்பதைச் சொல்வது கிரேடு, அது விளைச்சல். முதல் தரத்தில் தேர்ச்சி பெற்றவருக்கும் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்றவருக்கும் ஒரே பாடத்தில் ஒரே எண்ணிக்கையிலான கிரெடிட்தான் கிடைக்கும். தேர்ச்சி பெறாதவருக்கு அந்தப் பாடத்தின் கிரெடிட் முழுவதும் கைக்கு வராது. நான்கு கிரெடிட் பாடத்தில் பாதி மதிப்பெண்ணுக்கு இரண்டு கிரெடிட் என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

சுருக்கமாக: கிரெடிட் நேரத்தை அளக்கிறது, கிரேடு தரத்தை அளக்கிறது. பாடத்தின் கடினமோ பெருமையோ கிரெடிட்டில் நேரடியாகத் தெரிவதில்லை.

தேர்வு செய்யும் உரிமை வந்த பிறகு வந்த அளவு

எல்லா மாணவரும் ஒரே பாடங்களை ஒரே வரிசையில் படித்த காலத்தில் இப்படியொரு அளவு தேவைப்படவில்லை. மூன்றாண்டு அல்லது நான்காண்டு படித்து முடித்தால் பட்டம். எண்ணுவதற்கு ஆண்டுகளே போதும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். ஒருவர் வேதியியலும் கிரேக்கமும் படிக்கிறார், இன்னொருவர் வரலாறும் பொருளாதாரமும் படிக்கிறார் என்றால், இருவரும் ஒரே அளவு படித்திருக்கிறார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? அங்கேதான் பாடங்களை எண்ணிக் கூட்டுவதற்குப் பொதுவான ஓர் அலகு தேவையாயிற்று.

அந்த அலகு நாடு முழுவதும் பரவிய விதம் வியப்பானது. 1905இல் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் தருவதற்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஓய்வூதியம் கல்லூரி ஆசிரியர்களுக்கு என்றால், எது கல்லூரி என்று முதலில் முடிவாக வேண்டும். அன்று உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான எல்லை பல இடங்களில் மங்கலாகவே இருந்தது. ஹென்றி பிரிட்செட் தலைமையிலான அந்த அறக்கட்டளை, மாணவரைச் சேர்ப்பதற்கு உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு அலகுகள் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனமே கல்லூரி என்று வரையறுத்தது. ஒரு பாடத்தை ஓர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 120 மணி நேரம் வகுப்பில் படிப்பது ஓர் அலகு. இதற்குக் கார்னகி அலகு என்று பெயர் நிலைத்தது. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டன, பள்ளிகள் அதற்கேற்பத் தங்கள் பாடங்களை அமைத்தன. கல்லூரிப் பாடங்களுக்கும் இதே போக்கில், ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒரு கிரெடிட் என்ற வழக்கம் நிலைபெற்றது. எவ்வளவு கற்றார்கள் என்பதை அளப்பதற்காக உருவாகாத ஓர் அலகை இன்று அதற்கான சான்றாகவே பலர் எடுத்துக்கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தியாவிலும் காரணம் அதேதான். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் விருப்பத் தேர்வு அடிப்படையிலான கிரெடிட் முறைக்கு நாடு தழுவிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, அதன் பெயரிலேயே விருப்பத் தேர்வும் கிரெடிட்டும் சேர்ந்து நின்றன.

பாடத்திட்டப் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அமைந்த முதல் பருவப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்தின் தலைப்புக்கும் வலப்பக்கத்தில் எல், டி, பி, சி என்ற நான்கு எழுத்துகளும் அவற்றின்கீழ் நான்கு எண்களும் இருக்கும். எல் என்பது வாரத்துக்கு எத்தனை பீரியடு விரிவுரை, டி என்பது எத்தனை பீரியடு டுட்டோரியல், அதாவது கணக்குப் போட்டுப் பார்த்து ஐயம் தீர்க்கும் பயிற்சி வகுப்பு, பி என்பது எத்தனை பீரியடு செய்முறை. கடைசியில் இருக்கும் சி தான் கிரெடிட்.

விதி எளிது. வாரத்துக்கு ஒரு விரிவுரை பீரியடு ஒரு கிரெடிட். ஒரு டுட்டோரியல் பீரியடும் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் இரண்டு பீரியடு சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டமும் இதையே சொல்கிறது.

அணிகளும் நுண்கணிதமும் என்ற முதல் பருவக் கணிதப் பாடத்தின் எண்கள் 3, 1, 0, 4. அதன் ஐந்து அலகுகளில், அதாவது பாடப் பிரிவுகளில், ஒவ்வொன்றின் தலைப்பு முடியும் இடத்திலும் 9+3 என்று அச்சிட்டிருப்பதைப் பல மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பொருளைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது பீரியடு விரிவுரை, மூன்று பீரியடு டுட்டோரியல் என்பதே அது. அலகுக்குப் பன்னிரண்டு என்றால் ஐந்து அலகுக்கு அறுபது பீரியடு. ஒரு பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று கொண்டு அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் நான்கு. அதுதான் நான்கு கிரெடிட். பொறியியல் இயற்பியலில் அலகுக்கு ஒன்பது பீரியடு, மொத்தம் நாற்பத்தைந்து. பதினைந்தால் வகுத்தால் மூன்று கிரெடிட். தமிழர் மரபு என்ற பாடத்தில் அலகுக்கு மூன்று பீரியடு, மொத்தம் பதினைந்து. ஆகவே ஒரு கிரெடிட். அந்தப் பாடத்துக்கு ஒரே கிரெடிட்தானா என்று வருந்துகிறவர்களும், ஒரு கிரெடிட் பாடம்தானே என்று ஒதுக்குகிறவர்களும் கவனிக்க வேண்டியது, அந்த எண் அதற்கு ஒதுக்கிய பீரியடுகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது என்பதை.

இப்போது பைத்தான் ஆய்வகத்துக்கு வருவோம். அதன் எண்கள் 0, 0, 4, 2. வாரத்துக்கு நான்கு பீரியடு என்றால் பருவத்துக்கு அறுபது பீரியடு. கணிதத்துக்கும் அறுபது பீரியடுதான். அங்கே நான்கு கிரெடிட், இங்கே ஏன் இரண்டு?

வகுப்புக்கு வெளியே இருக்கும் நேரம்

இந்தக் கேள்விக்கான விடையில்தான் கிரெடிட்டின் உண்மையான இயக்கம் இருக்கிறது. கிரெடிட் அளப்பது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் என்றால் ஆய்வகத்துக்கும் நான்கு கிரெடிட் தந்திருக்க வேண்டும். அது அளக்க விரும்புவது மாணவரின் மொத்த உழைப்பு நேரத்தை. விரிவுரை கேட்ட பிறகு வீட்டிலோ விடுதியிலோ நூலகத்திலோ உட்கார்ந்து படித்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்தால்தான் அந்தப் பாடம் மனத்தில் ஏறும். ஆய்வகத்தில் பெரும்பகுதி வேலை ஆய்வகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பது கணக்கு.

2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இதை எண்களில் தெளிவாக்கியது. ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 1,200 கற்றல் மணி நேரம், அதற்கு 40 கிரெடிட். ஆகவே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். கற்றல் மணி நேரம் என்பது வகுப்பு, செய்முறை, சொந்தப் படிப்பு, ஒப்படைப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு சராசரி மாணவருக்கு ஆகும் என்று கருதப்படும் நேரம். இதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியோடு சேர்த்துப் பார்த்தால் முடிச்சு அவிழும். ஒரு கிரெடிட் விரிவுரைக்குப் பருவத்துக்கு 15 மணி நேர வகுப்பு. மீதி 15 மணி நேரம் மாணவரின் சொந்தப் படிப்புக்கு உரியது. ஒரு கிரெடிட் செய்முறைக்கோ ஆய்வகத்திலேயே 30 மணி நேரம் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் முப்பதுதான்.

அமெரிக்காவில் இந்த மறைந்த நேரம் சட்ட விதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவி கிரெடிட் கணக்கை வைத்தே வழங்கப்படுவதால், பாடம் நடத்தாமலே கிரெடிட்டை அள்ளிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு வாய்க்கால் திறந்துவிட்டதாக ஆகிவிடக்கூடாது என்பதற்காக, அந்நாட்டுக் கல்வித் துறை 2010இல் ஒரு வரையறையை வெளியிட்டு 2011 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ஏறத்தாழ பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேர நேரடிக் கற்பித்தலும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர மாணவர் உழைப்பும் சேர்ந்தது ஒரு கிரெடிட் மணி, அல்லது அதற்கு ஈடான வேலை. அங்கே மூன்று கிரெடிட் பாடம் எடுக்கும் மாணவர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்பில் இருந்தால், ஆறு மணி நேரமாவது தானாகப் படித்தாக வேண்டும்.

நம் ஊரில் மிக அதிகமாக மறக்கப்படுவது இந்த இரண்டாம் பகுதிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். பதினைந்து வாரத்தில் பகிர்ந்தால் வாரத்துக்கு 40 மணி நேரம். இது ஒருவர் வேலைக்குப் போய்ப் பார்க்கும் முழுநேர வேலைக்கு ஈடானது, அதில் கணிசமான பங்கு மாணவரின் கையில் விடப்பட வேண்டிய நேரம். கூடுதல் வகுப்பு, சிறப்பு வகுப்பு, பயிற்சி வகுப்பு என்று கால அட்டவணையைக் காலையிலிருந்து மாலைவரை அடைத்துவிடும் கல்லூரிகள், அந்த நேரத்தை மாணவரிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. கல்லூரிப் பேருந்தில் போக வர மூன்று மணி நேரம் செலவழிக்கும் மாணவருக்கும், மாலையில் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவருக்கும் சொந்தப் படிப்புக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆய்வகக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு எழுதும் இரவுகள் அந்த முப்பது மணி நேரத்துக்குள் வருவதாகத் தாளில் இருக்கலாம், ஆனால் எழுதுகிற கைக்குத் தெரியும் அது வருவதில்லை என்று.

இதுவரை கண்டது: விரிவுரை பீரியடு ஒன்றுக்குப் பின்னால் சொந்தப் படிப்பு நேரம் மறைந்திருக்கிறது. அதனால்தான் செய்முறைக்குப் பாதிக் கிரெடிட்.

எண்ணை முடிவு செய்வது யார்

இந்த எண்களைப் பாடம் நடத்தும் ஆசிரியர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. முதலில் மேலிருந்து மொத்தம் வருகிறது. நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் கூறியது. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120, நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு 160 என்று மானியக் குழுவின் 2022 கட்டமைப்பு கூறுகிறது. அந்த மொத்தத்தைப் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ அடிப்படை அறிவியல், முதன்மைப் பாடம், விருப்பப் பாடம், மொழி, திட்டப்பணி என்று பங்கிடுகிறது. ஒவ்வொரு துறையின் பாடத்திட்டக் குழுவும் தன் பங்குக்குள் பாடங்களைப் பொருத்தி முன்வைக்க, கல்விப் பேரவை ஒப்புதல் தருகிறது.

மொத்தம் நிலையானது என்பதால், ஒரு பாடத்துக்கு ஒரு கிரெடிட் கூட்டினால் வேறொன்றில் குறைத்தாக வேண்டும். மிகக் கடினமான ஒரு பாடம் மூன்று கிரெடிட்டிலேயே நிற்பதற்குப் பல நேரங்களில் இந்த இடநெருக்கடியே காரணம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் பத்துக் கிரெடிட் கிடைப்பதற்கும் தனிக் காரணம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இருபது செய்முறை பீரியடு என்று அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள், இருபதில் பாதி பத்து.

பூஜ்யம் கிரெடிட் பாடங்களும் உண்டு. 2021 ஒழுங்குமுறையில் கட்டாயப் பாடங்கள் சிலவற்றின் எண்கள் 3, 0, 0, 0 என்று இருக்கும். வாரத்துக்கு மூன்று பீரியடு வகுப்பு நடக்கும், ஆனால் கூட்டுத்தொகையில் சேராது. பட்டத்துக்கு அவற்றை முடித்தே ஆக வேண்டும் என்பதால், பூஜ்யம்தானே என்று வகுப்பைத் தவிர்ப்பவர் கடைசியில் மாட்டிக்கொள்வார்.

கிரெடிட் ஜிபிஏவுக்குள் நுழையும் இடம்

ஜிபிஏ என்பது ஒரு பருவத்தின் கிரேடு புள்ளிகளுக்குக் கிரெடிட்டின் எடையைக் கொடுத்து எடுக்கும் சராசரி. சீனியரின் எச்சரிக்கைக்குப் பொருள் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாணவி நான்கு கிரெடிட் கணிதத்தில் 6 புள்ளி, மூன்று கிரெடிட் இயற்பியலில் 8, மூன்று கிரெடிட் ஆங்கிலத்தில் 9, இரண்டு கிரெடிட் ஆய்வகத்தில் 10 பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கினால் 24, 24, 27, 20. கூட்டினால் 95. மொத்தக் கிரெடிட் 12. வகுத்தால் 7.92. இப்போது கணிதத்திலும் ஆய்வகத்திலும் பெற்ற புள்ளிகளை மட்டும் இடம் மாற்றுவோம்: கணிதத்தில் 10, ஆய்வகத்தில் 6. பெருக்கினால் 40, 24, 27, 12. கூட்டினால் 103, வகுத்தால் 8.58. நான்கு கிரேடுகளும் அதே கிரேடுகள்தான், கிரெடிட் பார்க்காமல் சராசரி எடுத்தால் இரண்டு முறையும் 8.25 தான் வரும். உயர்ந்த கிரேடு எந்தப் பாடத்தில் விழுந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவது, ஒரு கிரெடிட் பாடத்தில் நான்கு கிரேடு ஏறுவதற்குச் சமம். படிக்கும் நேரத்தைப் பங்கிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது தந்திரம் ஆகாது. அந்தப் பாடத்துக்கு அத்தனை மணி நேரம் தேவை என்று பாடத்திட்டமே சொல்லியிருக்கிறது.

ஊர் மாறினால் அளவு மாறும்

காவிரிப் படுகையில் நிலத்தைக் குழியிலும் மாவிலும் சொல்வார்கள். அங்கேயே எல்லா இடத்திலும் குழியின் அளவு ஒன்றல்ல. அதைச் சென்ட்டுக்கு மாற்றாமல் விலை பேசினால் ஏமாந்துபோக நேரும். கிரெடிட்டும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் முழுநேர ஓராண்டுப் படிப்பு ஏறத்தாழ 30 கிரெடிட், நான்காண்டுப் பட்டம் 120. இந்தியாவில் ஆண்டுக்கு 40. ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறையில் ஆண்டுக்கு 60, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். பிரிட்டனில் ஆண்டுக்கு 120, ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் ஆண்டுக்கு 30, ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரம். யாழ்ப்பாணத்தில் படித்தவரின் 90 கிரெடிட்டும் சென்னையில் படித்தவரின் 120 கிரெடிட்டும் மூன்றாண்டுப் படிப்புதான். முப்பது கிரெடிட் குறைவு என்று நினைப்பது தவறு. ஒப்பிடும்போது எண்ணை விட்டுவிட்டு, முழுநேர ஓராண்டில் எத்தனை பங்கு என்று பார்ப்பதே சரியான வழி.

நாட்டுக்குள் மாற்றுவதற்கு 2021இல் கல்விசார் கிரெடிட் வங்கி உருவானது. மாணவர் பெயரில் ஒரு கணக்கு, அதில் அவர் பெற்ற கிரெடிட்டுகள், பொதுவாக ஏழு ஆண்டுவரை அவை செல்லும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கும் இணையப் பாடங்களையும் இதில் சேர்க்கலாம். அந்தத் தளத்தில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தின் பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு ஒன்று. ஆனால் கணக்கில் இருக்கும் கிரெடிட் எல்லாம் போகும் இடத்தில் அப்படியே ஏற்கப்படும் என்று பொருளில்லை. நீங்கள் படித்த பாடம் தங்கள் பாடத்துக்கு ஈடானதா என்று சேர்க்கும் நிறுவனம்தான் முடிவு செய்யும். ஈடு இல்லையென்றால் அந்தக் கிரெடிட்டுகள் கணக்கில் இருந்தும் பட்டத்துக்கு உதவாது.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். மதிப்பெண் சான்றிதழில் கிரெடிட் எண் மட்டுமே இருக்கும், அதன் பின்னால் எத்தனை மணி நேரம் என்பது இருக்காது. எல், டி, பி எண்களும் மொத்த பீரியடுகளும் அச்சான பாடத்திட்டப் பக்கங்களை, தாம் படித்த அதே ஒழுங்குமுறை ஆண்டுக்கு உரியவைதானா என்று சரிபார்த்து எடுத்துக் கல்லூரியில் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்குமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். மாறிய பிறகு பழைய பக்கங்களைத் தேடி அலைவதைவிட, படிக்கும் காலத்திலேயே பருவம்தோறும் ஒரு படி எடுத்துக் கோப்பில் சேர்ப்பது எளிது.